சீரியல் லைட் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது?

கார்த்திகை பிறந்தால் ஆரம்பித்துவிடும். வாசலில் சீரியல் செட், அடுத்து மார்கழிக்கு, டிசம்பரில் நட்சத்திரம், புத்தாண்டு, பொங்கல் என்று இரண்டு மாதம் போல விளக்குச் சரங்கள் தொங்கிக்கொண்டே இருக்கும். கூடவே இரண்டு வகைப் பேச்சும் கேட்கும். "சீரியலைப் போட்டுத்தான் பில் எகிறிப்போச்சு" என்பது ஒன்று. "எல்இடிதானே, அது என்ன குடிக்கப்போகுது, விடிய விடிய எரியட்டும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்த விளக்கு, எத்தனை மணி நேரம், வீட்டின் மொத்தப் பயன்பாடு எந்த அளவில் நிற்கிறது என்ற மூன்றும் தெரியாமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

இதில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. பெருக்கத் தெரிந்தால் போதும்.

வாட் வேறு, யூனிட் வேறு

குழாயைத் திறந்து குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது ஒரு விஷயம். குடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பது வேறு விஷயம். நூல் மாதிரி ஒழுகும் குழாயையும் ராத்திரி முழுக்க விட்டால் குடம் நிறைந்துவிடும். பீய்ச்சி அடிக்கும் குழாயையும் இரண்டே வினாடி திறந்தால் அடி கூட நனையாது.

விளக்கின் வாட் என்பது அந்த வேகம். அந்தக் கணத்தில் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பதன் அளவு. யூனிட் என்பது குடத்தில் சேர்ந்தது. 1000 வாட் இழுக்கும் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஈபி காசு வாங்குவது யூனிட்டுக்குத்தான், வாட்டுக்கு இல்லை.

ஆக வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 7 வாட் சரம் ஒன்று மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்தரை வரை, அதாவது நாலரை மணி நேரம் எரிந்தால் 31.5 வாட்-மணி. ஒரு யூனிட் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1500 வாட் இழுக்கும். நாற்பது நிமிடத்தில் அது ஒரு யூனிட்டை முடித்துவிடும்.

சின்னச் சின்ன பல்பு, பெரிய கணக்கு

அப்படியென்றால் சீரியலால் பில் ஏறியது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பழைய பல்பிலிருந்து.

பழைய சீரியல் செட்டில் இருந்தவை இழை பல்புகள். இழை என்பது கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய டங்ஸ்டன் கம்பி. மின்சாரம் பாயும்போது அது பழுக்கக் காய்ந்து, அந்தச் சூட்டில்தான் ஒளி விடுகிறது. உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது, மீதியெல்லாம் சூடு. அரிசி அளவு பல்பாக இருந்தாலும் இதே கதைதான். ஒன்று ஏறத்தாழ அரை வாட் இழுக்கும். ஒன்றைப் பார்த்தால் அற்பம்; நூறு பல்பு வைத்த செட் 40, 50 வாட்டுக்கு வந்துவிடும். வாசல், மாடி, மாமரம் என்று நாலு செட் போட்டால் 200 வாட்.

எல்இடி வேறு வழியில் வேலை செய்கிறது. அது ஒரு குறைகடத்தித் துண்டு, அதாவது மின்சாரத்தைக் குறிப்பிட்ட விதத்தில் மட்டும் கடத்துகிற பொருளால் ஆனது. அதற்குள் எலக்ட்ரான்கள் ஒரு படி கீழே இறங்கும்போது விடும் ஆற்றல் நேராக ஒளியாகவே வெளிவருகிறது. எதையும் பழுக்கக் காய்ச்ச வேண்டியதில்லை. அதனால் நூறு எல்இடி கொண்ட சாதாரண சீரியல் 5 முதல் 7 வாட்டில் முடிந்துவிடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பூஜை அறையிலும் நட்சத்திரத்துக்குள்ளும் போடுகிற 'ஜீரோ வாட்ஸ்' பல்பு இருக்கிறதே, அது பெயரில் மட்டும்தான் ஜீரோ. இழை வைத்த பழைய ரகம் சுமார் 15 வாட் இழுக்கும். அதாவது நூறு விளக்கு எல்இடி சீரியல் இரண்டுக்குச் சமம். இப்போது அதே பெயரில் அரை வாட் எல்இடியும் கடையில் கிடைக்கிறது, பார்த்து வாங்க வேண்டும். உள்ளே மெல்லிய கம்பி தெரிந்தால், தொட்டால் சுட்டால், அது பழைய ரகம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். பில்லைத் தீர்மானிப்பது வாட்டும் மணி நேரமும். பழைய இழை சீரியலை எல்இடியாக மாற்றினால் வாட் ஏழெட்டு மடங்கு குறைகிறது.

ஒன்று போனால் எல்லாம் போவது ஏன்?

சீரியல் என்று பேர் வந்ததே அதன் இணைப்பு முறையால்தான். வீட்டிலுள்ள மற்ற பல்புகளுக்குத் தனித்தனி வழியில் 230 வோல்ட் போகிறது. சீரியலில் பல்புகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒரே மின்சாரம் எல்லாவற்றையும் கடந்து போக வேண்டும். நாற்பது பல்பு கோத்தால் 230 வோல்ட்டை நாற்பதும் பங்கு போட்டுக்கொள்ளும், ஆளுக்கு ஆறு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. பல்பும் அதற்குத் தகுந்த சின்னதாக இருக்கும். ஒன்று ஃபியூஸ் போனால் வழி அறுந்துவிடும், மொத்தமும் அணையும்.

அப்புறம் என்ன செய்வோம்? திண்ணையில் சரத்தைப் பரப்பி உட்கார்ந்து, ஒவ்வொரு பல்பாகத் தொட்டுப் பார்த்து, கெட்டதைக் கண்டுபிடித்து, அதை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவோம். சரம் எரியும். ஒரு பல்பு குறைந்ததால் கரண்டும் குறையும் என்றுதான் தோன்றும்.

நடப்பது தலைகீழ். நாற்பதில் ஐந்தை இப்படி வெட்டிவிட்டால் 230 வோல்ட்டை முப்பத்தைந்து பல்பு பங்கு போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறரை வோல்ட் வருகிறது. வழியில் இருந்த தடை குறைந்ததால் சரம் முழுவதிலும் பாயும் மின்சாரம் கூடுகிறது. பல்பு எண்ணிக்கை குறைந்தும் மொத்த வாட் ஏறுகிறது. மீதி பல்புகள் முன்னைவிடப் பளிச்சென்று எரிவதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான். கூடுதல் சூட்டில் அவற்றுக்கும் ஆயுள் குறையும். அடுத்த பல்பு சீக்கிரம் போகும், அதையும் வெட்டுவோம், அடுத்தது இன்னும் சீக்கிரம் போகும். நாலு வருடம் முறுக்கி முறுக்கி ஓட்டிய இழைச் சரம் ஒன்று பரணில் இருந்தால், என் கருத்தில் அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம். கரண்ட் மிச்சத்துக்காக இல்லை. மழை நாளில் ஈரச் சுவரில் டேப் சுற்றிய முறுக்குகளோடு 230 வோல்ட் தொங்குவது சரியில்லை.

எல்இடி சரத்திலும் இதே இணைப்பு முறைதான். நேராக ஈபி லைனில் செருகும் மலிவு ரகத்தில் ஐம்பது, அறுபது எல்இடிகளை வரிசையாகக் கோத்து, மீதி வோல்ட்டைச் சமாளிக்க ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். அதையும் வெட்டி முறுக்குவது நல்லதல்ல. அடாப்டரோடு வரும் ரகத்தில் ஒயரில் குறைந்த வோல்ட்தான் ஓடும், குழந்தைகள் தொடும் இடத்துக்கு அது மேல்.

மினுக்கினால் மிச்சமா?

மிச்சம்தான். அணைந்திருக்கும் நேரத்தில் விளக்கு எதையும் இழுக்காது. பாதி நேரம் அணைந்து பாதி நேரம் எரிந்தால் செலவும் ஏறத்தாழ பாதி. ஆனால் 7 வாட்டில் பாதி என்பது மூன்றரை வாட். அதற்காகக் கண்ணைப் பறிக்கும் மினுக்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிடித்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்இடி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது

"விடிய விடிய எரியட்டும்" கட்சிக்காரர்கள் சறுக்குவது இங்கே. எல்இடி என்ற சொல் ஒளி உண்டாகும் விதத்தைச் சொல்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பதைச் சொல்வதில்லை.

மாடிக் கைப்பிடியிலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் ஒட்டுகிற ஸ்ட்ரிப் லைட்டை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ஓடும் ரகங்களில், மீட்டருக்கு அறுபது பெரிய எல்இடி வைத்தது மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். ஐந்து மீட்டர் சுருள் ஒன்று 72 வாட். பழைய இழை சீரியலைவிட இது அதிகம்! சின்ன எல்இடி வைத்த ஸ்ட்ரிப், அதே அறுபது எண்ணிக்கைக்கு, மீட்டருக்கு 4.8 வாட்தான். இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். கடையில் கேட்க வேண்டியது "எத்தனை மீட்டர்" என்று மட்டும் இல்லை, "மீட்டருக்கு எத்தனை வாட்" என்றும்.

வீட்டு முகப்பில் வண்ணம் பாய்ச்சும் ஃபோகஸ் லைட்டும் இப்படித்தான். எல்இடி ஃபோகஸ் 50 வாட், 100 வாட் என்று சாதாரணமாக வருகிறது. பழைய ஹாலோஜன் ஃபோகஸ் என்றால் 500 வாட்டே உண்டு. அது இரண்டு மணி நேரத்தில் ஒரு யூனிட்.

எல்இடி சீரியல் சரம் என்றால் கவலை வேண்டாம். ஸ்ட்ரிப், ஃபோகஸ் என்றால் வாட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஒரே நட்சத்திரம், மூன்று வீடு

இனி பணக் கணக்கு. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு யூனிட்டின் விலை எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். பயன்பாடு கூடக் கூட அடுத்தடுத்த யூனிட்டின் விலையும் ஏறுகிறது. இந்தப் படிகளைத்தான் ஸ்லாப் என்கிறோம்.

2024 ஜூலையில் திருத்திய வீட்டுக் கட்டணத்தை வைத்தே கணக்குப் போடுவோம். அதன்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 80 காசு, 500 வரை 6 ரூபாய் 45 காசு. மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு 600 வரை 8 ரூபாய் 55 காசு. அதோடு முடிவதில்லை. 101 முதல் 200 வரை இருந்த அந்தச் சலுகை விலையும் போய், அவற்றுக்கும் 4 ரூபாய் 80 காசு ஆகிவிடும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் இருநூற்றுச் சொச்சம் ரூபாய் திடீரென்று ஏறும்.

டிசம்பர் முதல் தேதி ஒரு காகித நட்சத்திரம் கட்டுகிறீர்கள், ஜனவரி 6 வரை தொங்குகிறது. மொத்தம் 37 நாள். உள்ளே 60 வாட் இழை பல்பு. மாலை ஆறுக்குப் போட்டால் காலை ஆறுக்குத்தான் அணைப்பது வழக்கம். 444 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 26.6 யூனிட். அதே நட்சத்திரத்தில் 9 வாட் எல்இடி பல்பு போட்டால் 4 யூனிட். இது முழுவதும் ஒரே பில்லுக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீட்டில் நட்சத்திரம் இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் ஆகிறது. இழை பல்பு போட்டாலும் 87-க்குள் நிற்கும். செலவு சுத்தமாகப் பூஜ்யம்.

இரண்டாவது வீட்டில் 300 யூனிட். இழை பல்பு கொண்டுவரும் கூடுதல் செலவு ஏறத்தாழ 128 ரூபாய். எல்இடி என்றால் 19 ரூபாய்.

மூன்றாவது வீட்டில் 490. இழை பல்பு போட்டதும் 516-ஐத் தாண்டும். 500 கோட்டைத் தாண்டிய அபராதமும் சேர்ந்து பில் 440 ரூபாய்க்கு மேல் எகிறும். எல்இடி போட்டிருந்தால் 494-இல் நின்று, 26 ரூபாயோடு போயிருக்கும்.

விளக்கு ஒன்றுதான், பல்பு ஒன்றுதான், மணி நேரமும் ஒன்றுதான். ஒரு வீட்டில் பூஜ்யம், இன்னொரு வீட்டில் 440. "சீரியல் போட்டதால் பில் எகிறியது" என்று ஒருவரும், "எங்களுக்கு ஒன்றுமே ஏறவில்லையே" என்று பக்கத்து வீட்டாரும் சொல்வதில் இருவருமே பொய் சொல்லவில்லை.

சின்னதாக இன்னொன்று. மூன்றாவது வீட்டுக்காரர் அந்த இழை பல்பையே வைத்துக்கொண்டு தினமும் பத்தரைக்கு அணைத்திருந்தால் 10 யூனிட்தான் ஆகியிருக்கும். சரியாக 500-இல் வந்து நிற்கும்! மயிரிழையில் தப்பியிருப்பார்.

அப்படியானால் எதில் மிச்சம்?

முதலில் நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு எரிகிற விளக்கை யாரும் பார்ப்பதில்லை. பத்தரை, பதினொன்றுக்கு அணைத்தாலே பாதிக்கு மேல் மிச்சம், பைசா செலவில்லை. மறந்துவிடும் என்றால் டைமர் பிளக் வாங்கலாம். போனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் பிளக் வசதியானதுதான், ஆனால் வைஃபைக்காக அதுவே நாள் முழுக்க ஒரு வாட் வரை இழுக்கும். 24 மணி நேரத்துக்கு 24 வாட்-மணி. 7 வாட் சரத்தை ராத்திரி ஏழரை மணி நேரம் அணைத்து அது மிச்சப்படுத்துவது 52 வாட்-மணி. கிடைத்ததில் பாதியை அதுவே சாப்பிட்டுவிடுகிறது. ஸ்ட்ரிப், ஃபோகஸ் மாதிரிப் பெரிய சுமைக்குத்தான் அது தகும்.

அடுத்து பல்பு மாற்றுவது. எங்கே நீண்ட நேரம் எரிகிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலும் அது நட்சத்திரத்துக்குள் இருக்கும் பல்பாகத்தான் இருக்கும். காகிதத்துக்குள் சூடு குறைவது அதோடு வரும் லாபம். தீபாவளிக்கு மூன்று நாள் மட்டும் போடுகிற பழைய சரத்தைக் காசு மிச்சமாகும் என்று எல்இடியாக மாற்றுவது வீண். இரவுக்கு ஐந்து மணி நேரம் என்றாலும் 40 வாட் சரம் மூன்று நாளில் 0.6 யூனிட்தான். புதுச் சரத்தின் விலை பில்லில் திரும்பி வராது. ஒயர் நைந்திருந்தால் மாற்றுங்கள், அது வேறு காரணம்.

சோலார் சீரியல்? ஒயர் இழுக்க முடியாத இடத்துக்கு நல்லது. கரண்ட் பில்லுக்காக என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்இடி சரம் ஒரு மாதம் விடிய விடிய எரிந்தாலே இருபது ரூபாய் அளவுதான், அதை மிச்சப்படுத்தப் பல நூறு ரூபாய் போட வேண்டும். அதோடு கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை மேகமும் குறுகிய பகலும் சேர்ந்து பேட்டரியை அரைகுறையாகத்தான் நிரப்பும். எட்டு மணிக்கே கண் சொக்க ஆரம்பித்துவிடும். சொல்லப்போனால் கார்த்திகைக்கு வாசல் நிறைய அகல் ஏற்ற ஒரே ராத்திரிக்கு ஆகும் நல்லெண்ணெய்ச் செலவு, எல்இடி சரத்தின் ஒரு மாதச் செலவைத் தாண்டிவிடும். அதற்காக அகலை யாரும் நிறுத்தப்போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம்.

உங்கள் வீட்டு மீட்டரிலேயே பார்க்கலாம்

மலிவுச் சரங்களில் வாட் எழுதிய ஸ்டிக்கரே இருக்காது. இருந்தாலும் நம்ப முடியாது. ஈபி மீட்டரை வைத்தே அளந்துவிடலாம்.

மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200, சிலவற்றில் 1600. ஒரு யூனிட்டுக்கு அத்தனை முறை மினுக்கும் என்று அர்த்தம். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், டிவி எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு விளக்குச் சரத்தை மட்டும் எரியவிடுங்கள். ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் இடையில் எத்தனை வினாடி என்று போனில் பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 1125-ஐ அந்த வினாடியால் வகுக்க வேண்டும், 1600 என்றால் 2250-ஐ. வருவதுதான் வாட்.

60 வாட் பல்பு என்றால் 3200 மீட்டர் 19 வினாடிக்கு ஒருமுறை மினுக்கும். 72 வாட் ஸ்ட்ரிப் என்றால் 16 வினாடிக்குக் கொஞ்சம் முன்னால். 7 வாட் எல்இடி சரம் இரண்டரை நிமிடத்துக்கு மேல் காக்க வைக்கும். மூன்று நாலு வாட் மட்டும் இருந்தால் மீட்டர் அதைக் கண்டுகொள்ளாமலே விடவும் கூடும். அப்போது இருக்கிற சரங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அளந்து எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளலாம்.

சரத்தையும் அணைத்த பிறகு அந்தச் சிவப்புப் புள்ளி தொடர்ந்து மினுக்குகிறதா என்றும் நாலு நிமிடம் நின்று பாருங்கள். மினுக்கினால், ரிமோட்டில் மட்டும் அணைத்து சுவரில் அணைக்காமல் விட்ட ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பல வீடுகளில் அது செட்டாப் பாக்ஸ். பத்து வாட் அளவுக்கு நாள் முழுக்க இழுத்தால் தினமும் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. பத்தரைக்கு அணைக்கிற எல்இடி சீரியலைப் போல ஏழு மடங்கு, அதுவும் வருடம் முழுக்க.